பிடரியில் ஒரு முடிச்சு

இந்த வருடம் ஒரே ஒரு முடிச்சு மட்டும் அவிழ மறுத்தது. ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள் காலை. காவிரியின் பின்பக்கம் ஏணியைச் சாத்தி ஏறி நின்றிருந்தேன். கண்ணுக்கு நேரே அவள் பிடரி. முந்தின நாள் வந்த பெண்கள் கட்டிவிட்டுப் போன மஞ்சள் கயிறுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பையில் போட்டாயிற்று. கடைசி முடிச்சு இரவுத் தூறலில் நனைந்து பாக்குப்போல இறுகிக் கிடந்தது. மூங்கில் குச்சியின் முனையை எந்தப் பக்கம் செருகினாலும் உள்ளே போகவில்லை. கீழே நின்றுகொண்டிருந்த புதுப் பொறுப்பாளர் தம்பி அண்ணாந்து பார்த்து, “அறுத்துடுங்களேம்மா, கத்தரிக்கோல் பெட்டியிலதானே இருக்கு” என்றார். அவர் சொன்னதில் ஒரு தவறும் இல்லை. பள்ளிப் பிள்ளைகள் வரும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. “கொஞ்சம் வெயில் வரட்டும் தம்பி, காய்ஞ்சா இளகிடும்” என்றேன். அவர் டீ குடிக்கப் போய்விட்டார். நான் ஏணிப்படியிலேயே உட்கார்ந்து, கையிலிருந்த குச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முனை மழுங்கி, பிடிக்கிற இடம் கறுத்துப்போன அந்தக் குச்சி டீச்சர் சீவியது.

காவிரி என்று நான் சொல்வது ஒரு வெண்கலச் சிலையை. தஞ்சாவூரில் நான் வேலை பார்க்கும் அருங்காட்சியகத்தின் முற்றத்தில், கூரையில்லாமல், வெயிலிலும் மழையிலும் நிற்கிற சிலைகள் சில உண்டு. பழைய காலத்துச் சாமி சிலைகள் எல்லாம் உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் பத்திரமாக இருக்கின்றன. வெளியில் நிற்பவை நம் காலத்தில் சுவாமிமலையில் வார்த்தவை. ஏர் பிடித்த ஆள், படுத்திருக்கும் ஒரு காளை, தவில் வாசிக்கிற ஒருவர், இடுப்பில் சாய்ந்த குடத்தோடு நிற்கிற காவிரி. ஆள் உயரம் இருப்பாள் காவிரி. பீடத்தோடு சேர்த்தால் ஏணி இல்லாமல் அவள் கழுத்து எட்டாது என்று நாங்கள் நினைத்திருந்தோம். வேண்டுதல் உள்ளவர்களுக்கு எல்லாம் எட்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. பீடத்தின் விளிம்பில் ஏறி நின்று கட்டிவிடுவார்கள்.

இந்தச் சிலைகளைக் கழுவி மெழுகு பூசிப் பராமரிக்க இரண்டு பெண்களை ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். வரலாறு படித்துவிட்டு வேலைக்கு அலைந்துகொண்டிருந்த நான் ஒருத்தி. இன்னொருவர் டீச்சர். அவர் யாருக்கும் பாடம் நடத்தி நான் பார்த்ததில்லை. கல்யாணத்துக்கு முன்னால் கீழ்வேளூரில் ஒரு நர்சரிப் பள்ளியில் கொஞ்ச காலம் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தாராம். அந்தப் பெயர் அவரை விட்டுப் போகவேயில்லை. காவலாளியிலிருந்து எங்கள் அதிகாரி சார் வரைக்கும் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். என்னைவிடச் சில வயது மூத்தவர். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். வேலையில் நாங்கள் இருவரும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள், ஒரே அளவு தெரியாதவர்கள்.

எவ்வளவு தெரியாது என்பதற்கு முதல் நாளே சாட்சி. எங்களுக்கு வேலை சொல்லிக்கொடுக்கச் சென்னையிலிருந்து ஒரு அம்மையார் வந்திருந்தார். டீச்சர் வீட்டிலிருந்து ஒரு டப்பா நிறையப் புளியும் ஒரு பொட்டலம் திருநீறும் கொண்டுவந்திருந்தார். வெள்ளிக்கிழமை குத்துவிளக்கு விளக்குகிற கைக்கு வேறென்ன தோன்றும்? காளையின் கொம்பில் புளியைத் தேய்க்கப் போனவரை அந்த அம்மையார் ஓடி வந்து பிடித்தார். வெளியில் நிற்கிற வெண்கலத்துக்கு அந்தக் கரும்பழுப்பு நிறம்தான் தோல். அதை உரித்துப் பளபளப்பாக்கினால் மழை நேரே உலோகத்தில் இறங்கிக் களிம்பு பிடிக்கும் என்று அவர் விளக்கினார். டீச்சர் பொறுமையாகக் கேட்டுவிட்டு என்னிடம் மெதுவாக, “ஊரே வெள்ளையாகணும்னு கிரீம் பூசுது. இதுங்களுக்கு மட்டும் கறுப்பாவே இருக்க நாம மெழுகு பூசணுமாம்” என்றார். அந்தப் புளியை மத்தியானம் ரசம் வைக்கக் கேன்டீனுக்குக் கொடுத்துவிட்டோம்.

வேலை அப்படியொன்றும் பெரிய வித்தை இல்லை. ஆனால் அவசரப்பட முடியாது. மைனா எச்சத்தைச் சுரண்டக் கூடாது. ஈரப் பஞ்சை அதன்மேல் போட்டு ஊறவிட்டு எடுக்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் உப்பு இருக்கும் என்பதால் கடைசி அலசலுக்குப் பேட்டரிக் கடையில் விற்கிற வடிநீர். சேலை மடிப்புகளுக்குள்ளும் விரல் இடுக்குகளிலும் அழுக்கெடுக்க மூங்கில் குச்சி. இரும்பு எதுவும் படக் கூடாது. பிறகு நன்றாகக் காயவிட்டு, வெயிலில் உலோகம் சூடேறி, ஆனால் கை வைத்தால் பொறுக்கிற பதத்தில் இருக்கும்போது மெழுகை மெல்லியதாகப் பூசி, பழைய வேட்டித் துணியால் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சித்திரையில் அந்தப் பதம் காலையில் வந்த சுருக்கில் போய்விடும். தையில் காத்திருந்து காத்திருந்து அலுத்துவிடும். காத்திருக்கிற நேரத்தில் டீச்சர் சிலைகளோடு வம்பிழுப்பார். ஏர் பிடித்தவரைப் பார்த்து, “எத்தனை வருஷமா மேழியைப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறீங்க, ஒரு சால் உழுதீங்களா?” என்பார். பிள்ளைகள் சறுக்கி விளையாடியே காளையின் முதுகு மட்டும் தங்கமாய் மின்னும். அங்கே திரும்பத் திரும்ப மெழுகு பூசியபடி, “நீயாவது படுத்திருக்கே, குடுத்து வச்சவன்” என்பார். காவிரியிடம் மட்டும் கேலி கிடையாது. அவளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது கண்ணில் விழாமல் நெற்றியில் கையை அணைத்துப் பிடித்துக்கொள்வார். வெண்கலக் கண்ணுக்கு என்ன எரியப்போகிறது என்று நான் கேட்டதில்லை. பார்க்க நன்றாக இருந்தது.

கயிறு கட்டுகிற பழக்கம் தண்ணீர் வராத ஒரு வருடத்தில் தொடங்கியது. எங்கள் பின்சுவரை ஒட்டித்தான் காவிரித் தண்ணீர் வருகிற புது ஆறு போகிறது. ஆடிப் பதினெட்டு அன்று பெண்கள் அங்கே படித்துறையில் கூடி, காவிரிக்குக் காதோலை கருகமணி வைத்துப் படைத்து, மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு போவார்கள். அந்த வருடம் மேட்டூர் திறக்கவில்லை. ஆற்றில் மணலும் பிளாஸ்டிக் பையும்தான். படைக்க வந்தவர்கள் தட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். குடிக்கத் தண்ணீர் கேட்டுச் சிலர் எங்கள் முற்றத்துக்குள் வந்தார்கள். நாங்கள் அப்போதுதான் காவிரியைக் கழுவி முடித்திருந்தோம். சாய்ந்த குடத்துக்குள் தேங்கிய தண்ணீர் விளிம்பிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. வந்தவர்களில் ஒரு பெண், நிறைமாதம் இருக்கும், அந்தச் சொட்டையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் சொட்டுகிற இடத்தில் கையேந்தித் தலையில் தெளித்துக்கொண்டாள். பீடத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஏறி, தன் தட்டிலிருந்த கயிற்றைக் காவிரியின் கழுத்தில் கட்டினாள். எனக்கு விதிமுறை ஞாபகம் வந்து வாயைத் திறந்தேன். டீச்சர் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து கட்டினார்கள்.

அடுத்த வருடம் ஆற்றில் தண்ணீர் வந்தது. ஆனாலும் இங்கேயும் வந்தார்கள். சார் பதறிப்போய்த் ‘தொடாதீர்கள்’ என்று ஒரு பலகை வைத்தார். அதற்கடுத்த ஆடியில் பலகையின் காலிலும் ஒரு கயிறு கட்டியிருந்தது. மனிதர் சிரித்துவிட்டார். குங்குமம் வைக்கக் கூடாது, கற்பூரம் ஏற்றக் கூடாது, கயிறு மட்டும் கட்டலாம், மறுநாள் காலையில் நாங்கள் எடுத்துவிடுவோம் என்று ஒரு சமாதானத்துக்கு வந்தார். எடுத்தே ஆக வேண்டும். நனைந்த கயிறு கழுத்தில் கிடந்தால் மெழுகு கரைந்து அந்த வளையம் அப்படியே பச்சையாகக் களிம்பு பூத்துவிடும்.

முதல் முறை எடுக்கப் போனபோது நான் கத்தரிக்கோலைத்தான் எடுத்தேன். டீச்சர் அதை வாங்கிப் பெட்டியில் வைத்து மூடினார். “கட்டுனவ எவளோ, யாரை நெனச்சிக் கட்டுனாளோ. தாலிக் கயித்தை அறுக்கிற கை நம்ம கையா இருக்க வேணாம் தங்கச்சி. அவுப்போம்.” அது தாலியும் இல்லை, அவள் வெண்கலம் என்று நான் சொன்னேன். “தெரியும். நான் என்ன பைத்தியமா?” என்று சொல்லிவிட்டு ஏணியில் ஏறினார். ஈரத்தில் முடிச்சு இறுகும், வெயில் ஏறினால் கொஞ்சம் இடம் கொடுக்கும் என்பதைச் செய்து செய்துதான் கண்டுபிடித்தோம். அதற்கென்றே பேனா நீளத்துக்கு ஒரு மூங்கில் குச்சியைச் சீவி, மண்ணெண்ணெய் விளக்குச் சூட்டில் வாட்டி, முனையை வழவழப்பாக்கி வைத்துக்கொண்டார். உச்சி வெயிலுக்குள் பை நிறைந்துவிடும். கொண்டுபோய் ஆற்றில் விடுவோம். இத்தனை வருடங்களில் ஒரு கயிற்றைக்கூட அவர் அறுத்ததில்லை.

டீச்சரின் வீட்டுக்காரர் குவைத்தில் தண்ணீர் லாரி ஓட்டினார். பெண்ணைப் பேராவூரணிப் பக்கம் கட்டிக் கொடுத்தாயிற்று. வீட்டில் டீச்சரும் மாமியாரும் மட்டும். ஆடிப் பதினெட்டு அன்று கல்யாணமான பெண்கள் பழைய தாலிக் கயிற்றை மாற்றிப் புதுக்கயிறு கட்டிக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். புருஷனோ வீட்டிலுள்ள சுமங்கலிப் பெண் யாராவதோ பின்னால் நின்று முடிச்சுப் போட வேண்டும். மாமியார் புருஷனை இழந்தவர், அதனால் அவர் தொட மாட்டார். என் வீட்டில் என்னவர் மினி பஸ் ஓட்டுகிறவர். ஆடிப் பதினெட்டு அன்று விடியும் முன்பே ஸ்டாண்டுக்குப் போயிருப்பார். ஆகவே நாங்கள் இருவரும் காலையில் சாமான் அறையில், மெழுகு டப்பாக்களுக்கு நடுவில் நின்று, ஒருவருக்கொருவர் கட்டிவிடுவோம். முதலில் அவர் எனக்கு. பிறகு நான் அவருக்கு. என் பின்னலை ஒதுக்கிப் பிடரியில் முடிச்சுப் போடும்போது அவர் விரல்களில் தேன்மெழுகு வாசனை வரும்.

கட்டி முடித்ததும் டீச்சர் குவைத்துக்கு வீடியோ கால் போடுவார். போனை என் கையில் கொடுத்துவிட்டு முதுகைக் காட்டி நிற்பார். அந்தப் பக்கம் லாரி இருக்கையில் உட்கார்ந்திருக்கும் அந்த மனிதர் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். “முடிச்சு தெரியுதாங்க?” என்பார் டீச்சர், சுவரைப் பார்த்துக்கொண்டே. “தெரியுது தெரியுது. தங்கச்சி, நல்லா இறுக்கிப் போட்டு விடுங்க. நான் வர்ற வரைக்கும் தாங்கணும்.” ஒவ்வொரு வருடமும் இதே பேச்சுத்தான். அடுத்த ஆடிக்கு ஒரேயடியாய் வந்துவிடுவேன், பிறகு நானே கட்டுகிறேன் என்பார். நானும் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, அவர் பார்க்கப் பார்க்க இன்னொரு முறை இழுத்து இறுக்குவேன். டீச்சர் “ஐயோ, கழுத்து” என்பார். மூன்று பேரும் சிரிப்போம்.

அந்தச் செய்தி வந்தது ஒரு மாசி மாதத்தில். காளையின் திமிலுக்கு மெழுகு போட்டுக்கொண்டிருந்தோம். போனில் தெரியாத எண். டீச்சர் கொஞ்ச நேரம் கேட்டார். கையிலிருந்த துணியை நான்காக மடித்துக் காளையின் முதுகில் வைத்தார். “அவரு ரூம்ல இருக்கிற தம்பி பேசுது. எழுப்புனா எந்திரிக்கலையாம்” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனை நீட்டினார். “நீ பேசு தங்கச்சி. இன்னொரு தடவை எழுப்பிப் பாக்கச் சொல்லு.” நான் வாங்கிக் காதில் வைத்தேன். அந்தப் பையன் அழுதுகொண்டிருந்தான். தூக்கத்திலேயே போயிருக்கிறார், டாக்டர் பார்த்துவிட்டார் என்றான். அதை டீச்சரிடம் எப்படிச் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. எழுப்பச் சொன்னாயா, சொன்னாயா என்று அவர் என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

பெட்டி திருச்சி விமான நிலையத்துக்கு வந்துசேர எத்தனையோ காகிதம் தேவைப்பட்டது. வந்த பெட்டியை முழுதாகத் திறக்க வேண்டாம் என்றார்கள். முகத்தளவுக்குத் திறந்து காட்டி மூடினார்கள். கருமாதிக்கு முந்தின நாள் டீச்சர் எனக்குப் போன் செய்தார். அழுது அழுது குரல் கட்டிப்போயிருந்தது. “நாளைக்குக் கயித்தை எடுக்கப் போறாங்க. இங்க அறுக்கிறதுதான் வழக்கமாம். எனக்கு அறுக்க வேணாம் தங்கச்சி. அவருக்குக் காட்டிப் போட்ட முடிச்சு. நீ வந்து அவுத்து விடு. குச்சி நம்ம பெட்டியில கெடக்கு, எடுத்துக்கிட்டு வா.” வருகிறேன் என்றேன். அவர் என்னிடம் அதுவரை ஒன்றும் கேட்டதில்லை.

கீழ்வேளூரைத் தாண்டி உள்ளே டீச்சர் வீட்டுக்காரரின் சொந்த ஊர். பொழுது புலர்கிறபோது போய்ச் சேர்ந்தேன். அறுவடை முடிந்து தாள் மட்டும் நின்ற வயல்களுக்கு நடுவே அந்த வீடு. வாசலிலேயே டீச்சரின் நாத்தனார் என்னை நிறுத்திவிட்டார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். டீச்சர் கேட்டதை, முடிச்சு நான் போட்டது என்பதை, அவிழ்க்க எனக்குப் பழக்கம் என்பதை. அவர் முழுவதையும் கேட்டார். என் கழுத்தைப் பார்த்தார். “நீ சுமங்கலிம்மா. இதைப் பாக்கவே கூடாது, கையால வேற தொடுவியா? நாளைக்கு உன் வீட்டுக்காரருக்கு ஒரு தலைவலின்னாலும் எம் மனசு கேக்காது. அந்தப் பம்புகிட்டப் போய் நில்லு, தாயீ.” அவர் கண்கள் வீங்கியிருந்தன. தம்பியைப் பறிகொடுத்தவர் அவர். நான் மறுபடி கெஞ்சினேன். அவர் வாசலை விட்டு நகரவில்லை. கடைசியில் உள்ளே போய்க்கொண்டிருந்த ஒரு பெரியம்மாவிடம் குச்சியைக் கொடுத்து, இதை முடிச்சின் நடுவில் செருகி மெதுவாக நெம்பினால் வந்துவிடும், அறுக்க வேண்டாம் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார் என்றேன். அவர் குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனார். அடிபம்பு அருகில் நின்றேன். உள்ளே பெண்கள் ஒன்றாகக் குரலெடுத்தது கேட்டது. அதில் டீச்சர் குரல் எது என்று எனக்குப் பிரித்துத் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் பெரியம்மா வெளியே வந்து குச்சியை என் கையில் வைத்தார். “இதை வச்சு என்னம்மா பண்றது? முடிச்சு வரலை. அறுத்தாச்சு” என்றார்.

எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. நாத்தனார் கெட்டவர் இல்லை. என் புருஷன் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் என்னைத் தடுத்தார். அதற்காக அவரை நான் வைய முடியுமா? ஆனால் பஸ்ஸில் திரும்பி வருகிற வழியெல்லாம் பொங்கிப் பொங்கி வந்தது. ஒரு வெண்கலப் பொம்மைக்கு நாங்கள் கொடுத்த பொறுமையை, உயிரோடு இருக்கிற ஒருத்திக்கு யாரும் கொடுக்கவில்லை. வெயில் ஏறுகிற வரைக்கும் காத்திருந்தால் போதும். அந்த முடிச்சு வந்திருக்கும். என் முடிச்சு எனக்குத் தெரியாதா?

ஆனியில் டீச்சர் வேலைக்குத் திரும்பி வந்தார். சார் அவர் இடத்தை அப்படியே வைத்திருந்தார். டீச்சரின் கழுத்தைச் சுற்றி, இத்தனை வருடமாய்க் கயிறு கிடந்த இடத்தில், வெயில் படாத வெளிர்க்கோடு ஒன்று தெரிந்தது. அதைப் பார்க்காமல் இருக்க நான் பழகிக்கொண்டேன். ஏர் பிடித்தவரைக் கழுவினார், தவில்காரரைக் கழுவினார், காளைக்கு மெழுகு போட்டார். யாரோடும் வம்பிழுக்கவில்லை. காவிரியின் பக்கம் மட்டும் போகவில்லை.

ஆடிப் பதினெட்டும் வந்து போனது. மறுநாள் காலை ஏணியைக் காவிரியின் பின்னால் சாத்திவிட்டு, “ஏறுங்க டீச்சர்” என்றேன். அவர் பையைப் பிடித்துக்கொண்டு கீழேயே நின்றார். “வேணாம். இதெல்லாம் பொண்டுக ஆசையாக் கட்டுனது. நான் தொட்டேன்னு தெரிஞ்சா அதுக மனசு சங்கடப்படும்.” யாருக்குத் தெரியப்போகிறது என்றேன். “எனக்குத் தெரியுமே” என்றார். சரியென்று நானே ஏறி அவிழ்த்து அவிழ்த்துக் கீழே போட, அவர் பையை விரித்துப் பிடித்துக்கொண்டார். கயிறு ஒன்றுகூட அவர் விரலில் படாமல் பைக்குள் விழ வேண்டுமென்று பையை அங்கும் இங்கும் நகர்த்தினார்.

எல்லாம் முடிந்து நான் இறங்கியதும், அவர் இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்தார். அதற்குள் சின்னதாய் மடித்த ஒரு காகிதம். பிரித்தார். சாயம் போன மஞ்சள் கயிறு. முன்பக்கம் அறுத்திருந்தார்கள். பின்பக்கத்து முடிச்சு அப்படியே இருந்தது. அறுத்ததைப் பால் கிண்ணத்தில் போட்டு ஆற்றில் விட வேண்டும். தாலியை மட்டும் அவர்களிடம் கொடுத்துவிட்டு, கயிற்றைக் கையில் பொத்திக்கொண்டு தரமாட்டேன் என்று இருந்துவிட்டாராம். “அவளுக்கு ஒரு கயித்தைக்கூட நான் அறுத்ததில்ல. எனக்கு அறுத்துட்டாங்க, தங்கச்சி” என்றார். அழவில்லை. யாரிடமோ புகார் சொல்வதைப்போலச் சொன்னார். “முடிச்சை மட்டுமாவது நீ அவுத்து விடு. நீ போட்டதுதானே.”

காவிரியின் பீடத்தில் உட்கார்ந்து அவிழ்த்தேன். வேர்வையும் மஞ்சளும் ஊறிக் காய்ந்து கல்லாகியிருந்தது. அந்த மனிதர் பார்க்கப் பார்க்க இறுக்கிப் போட்டது. குச்சி உள்ளே போகவே வெகுநேரம் ஆயிற்று. டீச்சர் எதிரில் உட்கார்ந்து என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் முதுகில் ஏறியது. முதல் சுற்று வந்தது, அடுத்தது வந்தது, கடைசியாக ஒரு கண்ணி தானே விட்டுக்கொடுத்தது. இரண்டு துண்டாகக் கையில் கிடந்த கயிற்றை அவரிடம் கொடுத்தேன். அவர் அதை விரலால் நீவி நீவி நிமிர்த்தப் பார்த்தார். முடிச்சிருந்த இடம் நிமிரவில்லை. அப்புறம் அதையும் மற்றவற்றோடு பையில் போட்டார்.

நான் முந்தின நாள் கயிறு மாற்றவில்லை. அவரிடம் கேட்கலாம் என்று புதுக்கயிற்றைப் பையிலேயே வைத்திருந்தேன். எடுத்து அவர் மடியில் வைத்துவிட்டு, பின்னலை முன்னால் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். “கட்டி விடுங்க டீச்சர். எப்பவும் நீங்கதானே.” அவர் கை என் பிடரியில் பட்டது. மெழுகு வாசனை வந்தது. கழுத்தோரம் கிடந்த முடிக்கற்றையை விரலால் ஒதுக்கினார். அப்படியே கொஞ்ச நேரம் இருந்தது அந்தக் கை. பிறகு எடுத்துக்கொண்டார். “வேணாம் தங்கச்சி. அவரு நல்லா இருக்கட்டும்” என்று சொல்லிக் கயிற்றைத் திரும்ப என் மடியில் வைத்தார். நாத்தனாரிடம் கோபப்பட்டதுபோல அவரிடம் என்னால் கோபப்பட முடியவில்லை. அப்படியே முதுகைக் காட்டி உட்கார்ந்து அழுதேன். அவர் எழுந்து பையை எடுத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் நடந்தார்.

அதற்கப்புறம் அவர் அதிக நாள் இல்லை. ஐப்பசி மழைக்கு முன் மெழுகுப் பூச்சை முடித்துக் கொடுத்துவிட்டு, மகள் வீட்டுக்குப் பேராவூரணிக்குப் போனார். கார்த்திகையில் நெஞ்சு வலி. நான் போனபோது தென்னந்தோப்புக்கு நடுவில் எல்லாம் முடிந்து, மகள் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தாள். அம்மா கடைசி வரைக்கும் அந்தச் சிலையைப் பற்றித்தான் கேட்டார், மழையில் களிம்பு பிடித்திருக்கிறதா என்று உங்களிடம் போனில் கேட்கச் சொன்னார், நான்தான் நாளைக்குக் கேட்கலாம் என்று இருந்துவிட்டேன் என்றாள். பிடிக்கவில்லை என்று அவளிடம் சொன்னேன்.

இன்று வெயில் காளையின் கொம்பைத் தாண்டி, தவில்காரரைத் தாண்டி, ஒருவழியாகக் காவிரியின் பிடரிக்கு வந்தது. கயிறு வெளிறிக் காய்ந்தது. பள்ளிப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள், வரிசையில் நின்று என்னை அண்ணாந்து பார்த்தார்கள். தம்பி டீ குடித்துவிட்டு வந்து இன்னொரு முறை கடிகாரத்தைப் பார்த்தார். குச்சியின் முனை உள்ளே போனது. மெதுவாக நெம்பினேன். முடிச்சு விட்டுக்கொடுத்தது. எந்தப் பெண் கட்டியதோ, முழுக் கயிறாக என் கையில் வந்தது. அதைப் பையில் போட்டுவிட்டு, காவிரியின் கழுத்தைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தேன். களிம்பு இல்லை.

என் கயிற்றை இப்போதெல்லாம் நானே கண்ணாடி முன்னால் நின்று மாற்றிக்கொள்கிறேன். கை பின்னால் சரியாக எட்டாது. “ஏன் இப்படித் தொளதொளன்னு கட்டியிருக்கே, நழுவி விழுந்துடப் போகுது” என்று என்னவர் நேற்றும் கேட்டார். விழாது என்றேன். முடிச்சை நான் இறுக்குவதில்லை.